நான்காவது டிஸ்கில் ஐந்து விநாடி

என் குரலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வதே தலைக்கனம்தான். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபமானாலும் சரி, என் கையில் மைக்கைக் கொடுத்தால் ஐந்நூறு பேர் பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். "சேவியர் சார் பேசினா தமிழுக்கே ஒரு களை வந்துடுது" என்று யாராவது பெரியவர் சொல்வார். நானும் "சேச்சே" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று அங்கேயே நிற்பேன்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம்தான் இனியா வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பச்சைப் பட்டுப்புடவை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மணப்பெண்ணோடு பாலிடெக்னிக்கில் படித்தவளாம்.

"அங்கிள், சாரி லா, ஒண்ணு கேக்கணும். மரவேலை டிஸ்க்ல பேசினது நீங்கதானே?"

எனக்கே அது மறந்து போயிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்த வேலை.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"எங்க வீட்ல தினமும் ஓடுது அங்கிள். நீங்க மைக்க வாங்கி 'அன்பான'ன்னு ஆரம்பிச்சீங்க பாருங்க, எனக்கு அதுக்கு மேல சாப்பாடு எறங்கல."

அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவள் முகத்தை ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்திருந்தால் போதும். பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"அப்பாவுக்கு உங்கள ஒரு தடவ பாக்கணும். ப்ளீஸ், எங்க வீட்டுக்கு வர்றீங்களா? புக்கிட் பாத்தோக்தான். எம்ஆர்டி ஸ்டேஷன்லேர்ந்து பக்கம்."

"என் ரசிகரா?" என்றேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் கேட்டேன்.

"அவருக்கு உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி இருக்கு அங்கிள்" என்றாள்.

அந்த டிஸ்குகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் காலாங் பக்கம் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தில், ஆறாவது மாடியில், ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. வீட்டிலிருந்தபடியே கற்றுக்கொள்ளும் டிஸ்குகள் போடுவார்கள். யோகா, கேக் அலங்காரம், கித்தார், இப்படி. அந்த வருஷம் கனடாக்காரன் ஒருவனிடமிருந்து மரவேலைப் பாடத்தை வாங்கியிருந்தார்கள். பத்து டிஸ்க், ஒரு பெட்டி. டிவியில் போட்டால் படம் ஓடும். கம்ப்யூட்டரில் போட்டால் பலகையைக் கிளிக் பண்ணி அளவெல்லாம் பார்க்கலாம். பெட்டியின் மேல் 'மல்டிமீடியா' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். படம் ஒன்று, குரல் நாலு: ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ். ரிமோட்டில் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தமிழ் நான். மொழிபெயர்ப்பும் நான்தான், குரலும் நான்தான். படத்தில் ஒரு செந்தாடிக்காரன் பலகையை அறுப்பான், இழைப்பான், துளை போடுவான். நான் அதற்குப் பேசுவேன். இத்தனைக்கும் வீட்டில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு மலாய்க்காரரைக் கூப்பிடுகிற ஆள் நான்.

நிரஞ்சனா என்ற பெண்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. கையில் ஸ்டாப்வாட்சோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். தாடிக்காரன் வாயை மூடி அடுத்த வேலைக்குப் போன பிறகும் என் தமிழ் ஓடிக்கொண்டே இருக்கும். படத்தை நிறுத்தி வைக்க முடியாது, மற்ற மூன்று மொழிக்கும் அதே படம்தான். "சேவியர் சார், நாலு செகண்ட் ஓவர். ட்ரிம் பண்ணுங்க" என்பாள். நான் பென்சிலை எடுத்து அடிப்பேன். எதை அடிப்பது, எதை விடுவது என்று அவள் கேட்கவே மாட்டாள். அவளுக்கு ஸ்டாப்வாட்ச் சரியாக வந்தால் போதும்.

ஒரே ஒரு தடவை கேட்டாள். "சார், இவ்ளோ சுத்தமான தமிழ் வேணுமா? வீட்ல யாரும் இப்படிப் பேச மாட்டாங்களே."

எனக்கு சுருக்கென்றது. "டிஸ்க்குன்னா ஒரு மரியாதை வேணும்மா. காப்பிக்கடையில பேசற மாதிரியா பேசறது?" என்றேன். அவள் ஸ்டாப்வாட்சை மறுபடி அழுத்தினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் பாத்தோக் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். பேனாவும் எடுத்துக்கொண்டேன், டிஸ்க் பெட்டியில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டுமே என்று.

ஒன்பதாவது மாடி. இனியாவின் அம்மா கமலா கதவைத் திறந்தார். நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, "வாங்க சார்" என்றார். குரலில் வரவேற்பும் இல்லை, கோபமும் இல்லை. பிளம்பரைக் கூப்பிடுவதுபோல இருந்தது. அப்பா மருதப்பன் சோபாவிலிருந்து எழுந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வாட்டசாட்டமான உடம்பு, முகம் மட்டும் வற்றிப் போயிருந்தது. வணக்கம் சொல்லக் கையைக் கூப்பவில்லை. இடது கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். வலது கை மேல் ஒரு துண்டு கிடந்தது.

"உக்காருங்க சார். உங்க குரல நேர்ல கேப்பேன்னு நெனக்கவே இல்ல."

செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் ஸ்டோர்மேனாக இருந்தவர். நட்டு, போல்ட்டு, பெயின்ட் டின் என்று எடுத்துக் கொடுக்கிற வேலை. ஓய்வு நாளில் கேலாங் சிவன் கோவிலுக்குப் போய் அன்னதானத்தில் சோறு பரிமாறுவாராம். "பந்தியில நூறு பேருக்கு ஒரு சோறு கீழ சிந்தாம போடுவாரு" என்று இனியா சொன்னாள். அப்போதும் அவர் துண்டை எடுக்கவில்லை.

பிரிட்ஜுக்கும் தூணுக்கும் நடுவில் ஒரு பழைய போர்வை எதையோ மூடிக்கொண்டு நின்றது. அவர் எழுந்து போய் அதை இடது கையால் இழுத்தார். மரத்தில் ஒரு சாமி மேடை. நாலு கால், இரண்டு தட்டு, முன்னால் ஒரு வளைவு. கதவு இல்லை, மேல் பலகை இல்லை. வளைவில் பாதி வரைக்கும் பென்சில் கோட்டின் மேல் அறுத்திருந்தது, மீதிப் பாதியில் கோடு மட்டும் இருந்தது.

"கடையில கெடைக்கிற மேடையெல்லாம் ரெண்டு அடி சார். எங்க எடம் இருபத்திரண்டு இன்ச். ரெண்டு இன்ச்சுக்காக சாமி படமெல்லாம் செருப்பு கபினெட் மேல இருந்துச்சு. இவளுக்கு அது பெரிய கொற. சரி, நம்மளே செஞ்சுடலாம்னுதான் தேக்கா பக்கம் ஒரு கடையில உங்க டிஸ்க்க வாங்கினேன்."

"இருந்துச்சு என்ன? இப்பவும் அங்கதான் இருக்கு" என்றார் கமலா. பார்த்தேன். செருப்பு அலமாரியின் மேல் முருகனும் அம்மனும் பிள்ளையாரும் வரிசையாகச் சாய்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு சின்ன மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நீங்க சொல்லித்தான் சார் எல்லாம் கத்துக்கிட்டேன். எழைக்கிறது, கோணம் பாக்குறது எல்லாம்." மருதப்பன் வளைவைத் தடவினார். "'மரத்துக்கும் ஒரு மனம் உண்டு. அதன் போக்கில் விட்டுப் பிடியுங்கள்.' எவ்ளோ நல்ல வார்த்தை சார் அது. பட்டறையில எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அது என் வரி. தாடிக்காரன் சொன்னதே இல்லை, நானாகச் சேர்த்தது. என் பேனா சட்டைப்பையில் தயாராக இருந்தது.

அப்போதுதான் அவர் துண்டை எடுத்தார்.

கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் இருந்தது. நடுவில் மூன்று விரலும் இல்லை. அந்த இடத்தில் தோல் இழுத்துத் தைக்கப்பட்டு, பளபளவென்று சிவந்திருந்தது. "கடவுளே" என்று ஏதோ சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"பதினாலு மாசம் ஆச்சு" என்றார் மருதப்பன். "இந்த வளைவுக்குப் பலகை அறுக்கும்போது ஒரு சின்னத் துண்டு, ரம்பத்துக்குப் பக்கத்துல சிக்கிக்கிச்சு. ரம்ப மெஷின் சுவிட்ச அணைச்சேன். சக்கரம் நின்னுடுச்சு. நல்லா நின்னுடுச்சு சார், பாத்தேன். குனிஞ்சு கைய வுட்டேன். குனியும்போது வயிறு பட்டு சுவிட்ச் மறுபடி ஆன் ஆயிருச்சு."

அவ்வளவுதான் சொன்னார். கமலா அடுப்படி வாசலில் நின்று கையைப் புடவையில் துடைப்பதுபோல நைட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் கேட்டாங்க. 'ப்ளக்கக் கழட்டலையா அங்கிள்?'னு. அப்பத்தான் எனக்கே தெரியும், அப்படி ஒண்ணு பண்ணணும்னு. டிஸ்க்ல சொல்லலியேன்னு சொன்னேன்."

"சொல்லாமலா விட்டிருப்பாங்க?" கமலாவின் குரல் வெடித்தது. "கேளுங்க சார். நீங்களே கேளுங்க. ஊரு உலகமே பாக்குற டிஸ்க்கு. படிச்சவங்க செஞ்சது. கைய வெக்குமுன்னாடி கரண்ட்ட நிறுத்துன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், அதச் சொல்லாம விடுவாங்களா? இவரு காதுல வாங்கல. எப்பவுமே இப்படித்தான். பாதி கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. வேலை போச்சு, கை போச்சு. விபூதி வாங்கக்கூட இடது கைய நீட்டணும்னு கோயிலுக்கே வர்றதில்ல. சோறு நான் பெசஞ்சு குடுக்கணும், ஸ்பூன்ல சாப்புடுவாரு. இத்தனையும் எதுக்கு? ஒரு ப்ளக்கு!"

"அம்மா, போதும் லா" என்றாள் இனியா.

"நாலாவது டிஸ்க்க எத்தன தடவ பாத்துட்டேன் சார்" என்றார் மருதப்பன், மனைவி பேசியதையே கேட்காதவர்போல. "எனக்குக் கேக்கல. இவ, நான் தூங்கி வழிஞ்சிருப்பேங்கிறா. என் பொண்ணுகூட ஒரு தடவ, 'அப்பா, விட்டுருங்கப்பா'ன்னுட்டா. எனக்கே சந்தேகம் வந்துருச்சு. அதான், பேசுனவரயே கேட்டுட்டா தெரிஞ்சுரும்ல. போடு இனியா."

இனியா போட்டாள். செந்தாடிக்காரன் வந்தான். ரம்பம் நின்றது. கேமரா கிட்டப் போனது. திரை முழுக்க ரம்பத்தின் பல்லும், சிக்கிக்கொண்ட துண்டும், அதை நோக்கிப் போகிற ஒரு கையும். பிளக் படத்தில் தெரியாது. அதே நேரம் என் குரல், நிதானமாக, கம்பீரமாக: "மரத்துக்கும் ஒரு மனம் உண்டு. அதன் போக்கில் விட்டுப் பிடியுங்கள்."

கை துண்டை எடுத்துவிட்டது. படம் மாறிவிட்டது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த அறை, அந்த ஹெட்போன், நிரஞ்சனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரலைக் காட்டியது, எல்லாமே. ஐந்து விநாடி. இரண்டு வரி இருந்தது. ஒரு வரிக்குத்தான் இடம். என் பென்சில் தாடிக்காரன் சொன்ன வரியின் மேல் போனது.

"சொல்லுங்க சார்" என்றார் மருதப்பன். "நீங்க சொன்னீங்களா, சொல்லலியா?"

மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நல்ல ஆள் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு எத்தனை பலம் என்று அன்றைக்குத் தெரிந்தது. வழக்கு, கோர்ட், பத்திரிகை, இனி எந்த மண்டபத்திலும் யாரும் மைக் தர மாட்டார்கள் என்பதெல்லாம் ஒரே நொடியில் தலைக்குள் ஓடியது.

"அது முதல் டிஸ்க்ல வரும்" என்றேன். "பாதுகாப்புன்னு ஒரு பகுதி இருக்கு. எல்லா மெஷினுக்கும் பொதுவா அங்கயே சொல்லிட்டேன். அதனாலதான் இங்க திரும்பச் சொல்லல."

குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. இத்தனை வருஷப் பயிற்சி.

"பாத்தீங்களா?" என்றார் கமலா. சந்தோஷமாகச் சொல்லவில்லை. பதினாலு மாதமாக இழுத்துக்கொண்டிருந்த ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோலச் சொன்னார். உள்ளே போய்விட்டார். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

மருதப்பன் தலையைக் குனிந்து கொண்டார். "மொத டிஸ்க் கீறல் விழுந்துருச்சு சார். பத்து நிமிஷத்துல நின்னுரும். வாங்கின அன்னைக்கு ஒரு தடவ பாத்ததுதான்." வலது கையைத் துண்டால் மறுபடி மூடினார். "அப்ப நான்தான் காதுல வாங்கல. நீங்க சொல்லித்தான் இருக்கீங்க."

கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். "உங்கள சந்தேகப்பட்டுட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். லிப்ட்டில் இறங்கும்போது அதில் இருந்த கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டேன்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கடியில் இருந்த பெட்டிகளை இழுத்தேன். நான் தனி ஆள், எதையும் தூக்கிப் போடுவதில்லை. அந்த மொழிபெயர்ப்புத் தாள்கள் ஒரு ரப்பர்பேண்டுக்குள் இருந்தன. தொட்டதும் ரப்பர் அறுந்து விழுந்தது. முதல் டிஸ்க், பாதுகாப்புப் பகுதி. கண்ணாடி போட வேண்டும், தொங்கும் உடை கூடாது, நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். அத்தனையும் இருந்தது. பிளக் இல்லை.

நான்காவது டிஸ்க், பதினேழாம் பக்கம். டைப் செய்த வரி இது: 'மின் இணைப்பை முழுமையாகத் துண்டித்து, அலகு முற்றிலும் அசைவற்று நின்றதை உறுதி செய்துகொண்ட பின்னரே, சிக்கிய மரத்துண்டை அகற்ற முற்பட வேண்டும்.' அதன் குறுக்கே பென்சில் கோடு. பக்கத்தில் 'ஒன்பது விநாடி, நீளம்' என்று என் கையெழுத்து. அதற்குக் கீழே மரத்தின் மனதைப் பற்றிய என் வரி, அதற்கு ஒரு டிக். டிக்கை ரொம்ப அழகாகப் போட்டிருந்தேன்.

தாள்களை முழுக்கப் புரட்டினேன். பத்து டிஸ்கிலும் சேர்த்து இப்படி அடித்த எச்சரிக்கைகள் பதினொன்று இருந்தன.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. பயம், வேறொன்றும் இல்லை. அந்த வாரம் ஒரு வளைகாப்பு, ஒரு அறுபதாம் கல்யாணம். இரண்டிலும் பேசினேன். கைதட்டினார்கள். அவர் இனி ரம்பத்தைத் தொடப் போவதில்லை, போன விரல் திரும்பி வரப் போவதில்லை, சொல்லி மட்டும் என்ன ஆகப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனி ஆளுக்கு இது ஒரு சௌகரியம், எதிர்த்துக் கேட்க யாரும் இல்லை.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலையில், இனியா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள்.

"அங்கிள், தேங்க்ஸ் சொல்லணும்னுதான். நீங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து அப்பா ஆளே மாறிட்டார். மேடைய முடிக்கப் போறேன்னு மெஷின வெளிய எடுத்துட்டார். அம்மா பயப்படுறாங்க. அவரு சொல்றாரு, 'டிஸ்க்ல எந்தத் தப்பும் இல்ல, நான்தான் ஒழுங்காக் கேக்கல. இந்த வாட்டி சேவியர் சார் சொல்றத ஒரு வார்த்த விடாமக் கேட்டு, அதுபடியே செய்வேன்'னு. இடது கையாலயே பழகிக்கிட்டு இருக்காரு. நாளைக்கு ஆறாவது டிஸ்க்."

ஆறாவது டிஸ்க். எனக்குத் தாளைப் பார்க்காமலே தெரியும். குறுகலான பலகையை நீளவாக்கில் அறுக்கிற பாடம். 'ரம்பத்துக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, பலகை எகிறி வயிற்றில் பாயும். கையால் தள்ளக் கூடாது, குச்சியால்தான் தள்ள வேண்டும்.' அந்த வரியை அடித்துவிட்டு அந்த இடத்தில் தேக்கின் பெருமையைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தேன்.

இனியாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. 'அப்பாவை மெஷினைத் தொட வேண்டாம் என்று சொல்' என்று மெசேஜ் அனுப்பினேன். மத்தியானம் பதில் வந்தது: 'டோன்ட் வொரி அங்கிள், ப்ளக்கை மறக்க மாட்டார்.' பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதி முடிகிற விஷயம் இல்லை அது.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கெல்லாம் அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் போய்விட்டேன். லிப்ட் ஒன்பதாவது மாடியில் திறந்ததும் சத்தம் கேட்டது. காரிடார் முழுக்க ரம்பத்தின் கிறீச். அதற்கு மேல், டிவியின் சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்து, என் குரல். "அன்பான நேயர்களே, அச்சம் வேண்டாம்." ஓடினேன். எனக்கு அறுபது வயது, முட்டிவலி. கிரில் கேட்டைப் பிடித்துக் கத்தினேன். "நிறுத்துங்க! மருதப்பன், நிறுத்துங்க!" உள்ளே இருந்த என் குரல்தான் பெரிதாக இருந்தது. அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டை உலுக்கினேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி எட்டிப் பார்த்து ஏதோ திட்டினாள். மறுபடி உலுக்கினேன்.

கமலா திறந்தார். செருப்போடு உள்ளே ஓடினேன். அடுப்படிக்குப் பின்னால் துணி காயப்போடுகிற இடத்தில் மெஷின் இருந்தது. மருதப்பன் ரம்பத்துக்கு நேர் பின்னால் நின்று, இடது கையால் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் சுவர் சுவிட்சைத் தட்டினேன். சத்தம் இறங்கி நின்றது. எனக்கு மூச்சு வாங்கியது.

"என்ன சார்?" என்றார் அவர், பாதுகாப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்து. இடது கையில் ஐந்து விரலும் இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

"முதல் டிஸ்க்ல இல்ல" என்றேன். "எங்கயும் இல்ல. நான் பொய் சொன்னேன். வரி இருந்துச்சு, நான்தான் எடுத்துட்டேன். இன்னும் பத்து இருக்கு. நீங்க இப்ப நிக்கிற எடம்கூடத் தப்பு."

தாள்களை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இனியா வாங்கினாள். பதினேழாம் பக்கத்தைப் படித்தாள், அம்மாவிடம் காட்டினாள். கமலா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார். படித்து முடித்ததும் கணவரைப் பார்த்தார். அவர் அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளவில்லை.

"ஏன் சார் எடுத்தீங்க?" என்றார் மருதப்பன். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நேரம் பத்தல. படத்துல அஞ்சு விநாடிதான் இருந்துச்சு. இந்த வரிக்கு ஒன்பது விநாடி ஆவும். படத்த நிறுத்த முடியாது, மத்த மொழிக்கும் அதே படம். ஒரு வரிதான் வைக்க முடியும்." சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் பட்டது. அதுதான் கேவலம்.

"சரி, அந்த மனசு பத்தின வரி? அது தாடிக்காரன் சொன்னதா?"

"இல்ல. அது நான் எழுதினது."

அவர் தலையாட்டினார். ஹாலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். நாலாவது டிஸ்கைப் பெட்டியிலிருந்து எடுத்து, இடது கையாலும் வலது கையின் கட்டைவிரலாலும் பிடித்து, தானே போட்டார். நேரமாயிற்று. யாரும் உதவிக்குப் போகவில்லை. ரிமோட்டில் சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

"இப்ப சொல்லுங்க சார்" என்றார். "அந்த வரிய, அந்த எடத்துல. எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாப்போம்."

ரம்பம் நின்றது. கேமரா கிட்டப் போனது. நான் ஆரம்பித்தேன். "மின் இணைப்பை முழுமையாகத் துண்டித்து, அலகு முற்றிலும் அசைவற்று..." கை துண்டை எடுத்துவிட்டது. படம் மாறியது. நான் இன்னும் பாதியில் நின்றுகொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா?" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தைதான் வந்தது. "பத்தல."

மருதப்பன் பின்னால் ஓட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்தார். ரம்பம் நின்றது. கேமரா கிட்டப் போனது. நான் மூச்சை இழுப்பதற்குள், எனக்குப் பின்னாலிருந்து கமலா சொன்னார். அடுப்படியில் நின்று பிள்ளைக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"ப்ளக்கப் புடுங்கிட்டு கைய வைங்க."

திரையில் அந்தக் கை இன்னும் ரம்பத்தின் பக்கம்கூட வரவில்லை. வந்தது. துண்டைத் தொட்டது. எடுத்தது. அதற்கப்புறம்தான் படம் மாறியது.

கமலா தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மருதப்பன் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார் மனைவியிடம்.

கமலா சொன்னார். அழுதுகொண்டே, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அப்போதும் நேரம் மிச்சம் இருந்தது.